வீட்டுத் தண்ணீரும் கை கழுவும் பழக்கமும்: சொல்லியும் மாறாதபோது என்ன செய்வது?

நீங்கள் கேட்டிருப்பதன் சாரம் இது: தன்னார்வலர்கள் வீடு வீடாகப் போய்ப் பாதுகாப்பான குடிநீரைப் பற்றியும் சோப்புப் போட்டுக் கை கழுவுவதைப் பற்றியும் பேசுகிறார்கள், வீட்டார் பொறுமையாகக் கேட்டுத் தலையாட்டுகிறார்கள், சில மாதங்கள் கழித்துப் போய்ப் பார்த்தால் எல்லாம் பழையபடியே இருக்கிறது. காய்ச்சுவதா, வடிகட்டியா, குளோரினா, எதைப் பரிந்துரைப்பது என்றும், பழக்கம் நிலைக்க என்ன வழி என்றும், கையிலுள்ள சிறு நிதியைப் பொருள்களுக்குச் செலவிடுவதா பிரசாரத்துக்குச் செலவிடுவதா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. அந்த வீடுகளில் குறைவது அறிவு அல்ல. கழிப்பறைக்குப் போய் வந்தபின் சோப்பால் கை கழுவ வேண்டுமா என்று எந்த வீட்டில் கேட்டாலும் ஆம் என்றே பதில் வரும். ஆனால், மக்கள் சொல்வதைக் கேட்காமல் அவர்கள் செய்வதை நேரில் கவனித்துப் பதிவு செய்த ஆய்வுகளைப் பல நாடுகளிலிருந்தும் திரட்டி 2014இல் வெளியிடப்பட்ட ஒரு தொகுப்பாய்வு, மலத்தோடு தொடர்பு ஏற்பட்டபின் சோப்பால் கை கழுவுவோர் உலக அளவில் ஏறத்தாழ 19 சதவீதம் மட்டுமே என்று மதிப்பிட்டது. மீதமுள்ள 81 சதவீதத்தினரும் கிருமிகளைப் பற்றிக் கேள்விப்படாதவர்கள் என்று யாரும் நம்ப முடியாது. தெரிந்ததையே மீண்டும் சொல்லிக்கொண்டிருந்தால், ஊதுகிற சங்கை ஊதி வைத்த கணக்குத்தான். மாற வேண்டியது சமையலறையிலும் கழிப்பறை வாசலிலும் பொருள்கள் இருக்கும் இடமும் அவற்றைக் கையாளும் விதமும் ஆகும். என்னுடைய பதில் முழுவதும் இந்த ஒரு கோணத்திலிருந்தே அமைகிறது.

தண்ணீரிலிருந்து தொடங்குகிறேன். ஏனென்றால், நல்ல குழாய், நல்ல கிணறு, மூடிய ஆழ்துளைக் கிணறு என்று நீர் கிடைக்கும் இடம் சரியாக இருந்தால் போதும் என்ற நம்பிக்கை, தன்னார்வலர்களிடமும்கூட ஆழமாக வேரூன்றியிருக்கிறது. எடுக்கும் இடத்தில் தூய்மையாக இருந்த நீர், வீட்டுக்குக் கொண்டுவந்து சேமித்துவைத்துக் குடிக்கும் வேளைக்குள் கெட்டுப்போவது மிகச் சாதாரணமாக நடப்பதுதான் என்பதை, பல நாட்டு ஆய்வுகளை ஒன்றாகப் பார்த்த ஒரு தொகுப்பாய்வு 2004ஆம் ஆண்டிலேயே எடுத்துக்காட்டியது. எடுக்கும் இடத்தில் நீர் எவ்வளவு தூய்மையோ, அந்த அளவுக்கு வீட்டுக்குள் அது கெடும் வீதமும் கூடுதலாகத் தெரிந்தது. அதாவது, கஷ்டப்பட்டு நல்ல நீரைக் கொண்டுவரும் குடும்பத்துக்கு இழப்பதற்கு அதிகம் இருக்கிறது.

எங்கே கெடுகிறது என்பதை அறிய ஆய்வுக்கூடம் தேவையில்லை. வீட்டுக்குள் நுழைந்ததும் "அம்மா, குடிக்கக் கொஞ்சம் தண்ணீர் தாருங்கள்" என்று கேட்டுவிட்டு, என்ன நடக்கிறது என்று பேசாமல் கவனியுங்கள். மூடியின் மேல் கவிழ்த்து வைத்திருக்கும் குவளை எடுக்கப்படுகிறது. மூடி தரையிலோ மேடையிலோ வைக்கப்படுகிறது. குவளை குடத்துக்குள் இறங்குகிறது. நீர்மட்டம் பாதிக்குக் கீழே போயிருந்தால் கை மணிக்கட்டு வரை உள்ளே போகிறது. விரல்கள் நனைந்து வெளியே வருகின்றன. நீங்கள் குடித்து முடித்துத் திருப்பிக் கொடுத்த குவளை, கழுவப்படாமல் மறுபடியும் மூடியின் மேல் கவிழ்கிறது. சற்று நேரத்தில் விளையாடிவிட்டு ஓடிவரும் குழந்தை அதே குவளையை எடுத்துத் தானே மொண்டு குடிக்கிறது. தரையில் இருந்த மூடி, அடிப்பக்கம் ஒட்டிய மண்ணோடு மீண்டும் குடத்தின் வாயில் அமர்கிறது. இந்த ஒரு நிமிடத்தில் நடந்ததைக் கேள்வித்தாள் வைத்துக் கேட்டால் எந்த வீட்டிலும் சொல்ல மாட்டார்கள். மறைக்கவேண்டும் என்பதற்காக அல்ல, அது அவர்கள் கவனத்திலேயே இருப்பதில்லை என்பதால்.

இதைத் தடுப்பதற்குப் பாத்திரத்தை மாற்றுவதே நேரான வழி. மலாவி நாட்டின் அகதிகள் முகாம் ஒன்றில் 1993இல் ஓர் ஆய்வு நடந்தது. அங்கே சில குடும்பங்களுக்கு, கை நுழைய முடியாதபடி மூடியும் ஊற்றுவதற்கு மூக்கும் வைத்த வாளிகள் கொடுக்கப்பட்டன. மற்றவர்கள் வழக்கமான திறந்த வாளிகளையே பயன்படுத்தினார்கள். நீரைக் காய்ச்சவோ மருந்து கலக்கவோ யாரும் சொல்லவில்லை. ஆனாலும், புதிய வாளிகளில் இருந்த நீரில் மலக் கிருமிகளின் சராசரி அளவு 69 சதவீதம் குறைவாக இருந்தது. அந்தக் குடும்பங்களில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு 31 சதவீதம் குறைவாக வந்தது. ஒரு மூடியும் ஒரு மூக்கும் செய்த வேலை இது. அறிவுரைக் கூட்டங்களைப் பற்றி இவ்வளவு தெளிவான முடிவைச் சொல்லும் ஆய்வுகளை நான் அதிகம் பார்த்ததில்லை.

ஆகவே உங்கள் முதல் வேலை, குடிநீருக்கென்று வாய் குறுகலான, இறுக்கமான மூடியுள்ள, கூடுமானால் அடியில் குழாய் பொருத்திய ஒரு பாத்திரம் ஒவ்வொரு வீட்டிலும் இருக்கச் செய்வதாக இருக்கட்டும். அது தரையில் இல்லாமல் குழந்தைகள் குழாயைத் திறக்கக்கூடிய உயரத்தில் ஒரு மேடையிலோ முக்காலியிலோ இருக்க வேண்டும். குழாய்க்கு அடியில் குவளை நிற்க இடமில்லாவிட்டால், மூடியைத் திறந்து மொள்ளும் பழக்கம் ஒரே வாரத்தில் திரும்பிவிடும். குழாய் வைத்த பாத்திரம் முடியாத இடங்களில் நீண்ட கைப்பிடியுள்ள அகப்பை ஒன்றைச் சுவரில் ஆணியடித்துத் தொங்கவிட்டு, அதனால் மட்டுமே நீரை எடுக்க வேண்டும். அதை மூடியின் மேலே வைத்தால் பயனில்லை. நீர் கொண்டுவரும் குடமும் சேமிக்கும் பாத்திரமும் தனித்தனியாக இருப்பது நல்லது, ஏனென்றால் வெளியே தரையில் வைக்கப்படுவதும் பலர் கைபடுவதும் முன்னதுதான். பாத்திரத்தின் உள்பக்கத்தை விரலால் தடவினால் வழுவழுப்பாக இருக்கிறதா என்று பாருங்கள். அந்தப் படலத்துக்குள் கிருமிகள் பாதுகாப்பாகத் தங்கியிருக்கும்; தண்ணீர் விட்டு அலசுவதால் அது போகாது, தேய்த்துத்தான் கழுவ வேண்டும். வாய் மிகக் குறுகிய பாத்திரத்தைத் தேய்க்க முடியாது என்பது அதன் குறைபாடு. உள்ளே தூரிகை நுழையும் அளவு வாயும், கையை விட்டு மொள்ளத் தூண்டாத மூடியும் இருந்தால் போதும். மாடியில் தொட்டி வைத்திருக்கும் வீடுகளுக்கும் இதே கதைதான்: தொட்டியின் மூடி சரியாக மூடுகிறதா, கடைசியாக எப்போது தேய்த்துக் கழுவப்பட்டது என்ற இரண்டையும் கேட்காமல் நீரின் தரத்தைப் பற்றிப் பேசுவது வீண்.

இனி, எதைப் பரிந்துரைப்பது என்ற கேள்வி. கொதிக்க வைப்பது கிருமிகளை அழிப்பதில் எந்த முறைக்கும் குறைந்ததல்ல. உண்மையில், நோய் தரும் பெரும்பாலான கிருமிகள் கொதிநிலைக்கு வெகு முன்பே, 70 டிகிரி செல்சியஸ் அளவிலேயே வேகமாக மடிந்துவிடுகின்றன. ஆயினும் வெப்பமானி இல்லாத வீட்டில் நீர் போதிய சூட்டை எட்டிவிட்டது என்பதைக் கண்ணால் உறுதிப்படுத்த, தளதளவென்று கொதிப்பதே நம்பத்தக்க அடையாளம். அவ்வாறு கொதிக்கத் தொடங்கியபின் 1 நிமிடம் போதும். கடல்மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கு மேலுள்ள இடங்களில் 3 நிமிடம் வேண்டும். பத்து நிமிடம், இருபது நிமிடம் என்று சொல்லி எரிபொருளை வீணாக்க வைப்பதால், அந்த வீட்டார் காய்ச்சுவதையே கைவிடுவார்கள். காய்ச்சிய நீருக்கு ஒரு பலவீனம் உண்டு: ஆறியபின் அதில் மீண்டும் கிருமி சேர்ந்தால் தடுக்க எதுவும் இல்லை. காய்ச்சிய பாத்திரத்திலேயே மூடி ஆறவிடுவதும், நேற்றைய பழைய நீரோடு கலக்காமல் கழுவிய பாத்திரத்துக்கு மாற்றுவதும் அதனால்தான் முக்கியமாகின்றன.

குளோரின் இந்தக் குறையை ஈடுசெய்கிறது. நீரில் சிறிதளவு குளோரின் எஞ்சி நிற்பதால், பிறகு உள்ளே வரும் கிருமிகளையும் ஓரளவுக்கு அது சமாளிக்கும். தெளிந்த நீருக்கு லிட்டருக்கு ஏறத்தாழ 2 மில்லிகிராம் என்ற அளவில் கலந்து, 30 நிமிடம் கழித்தே குடிக்க வேண்டும். அப்போது லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் அளவு எஞ்சியிருப்பதும், சேமித்து வைத்துக் குடிக்கும்வரை 0.2க்குக் குறையாமல் இருப்பதும் நல்ல அடையாளங்கள். கலங்கிய நீரில் மண்ணும் அழுக்குமே குளோரினைத் தின்றுவிடும். அதனால் தெளியவிட்டு, துணியில் வடிகட்டி, அதன்பின் கலக்க வேண்டும், அளவையும் கூட்ட வேண்டியிருக்கும். கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி குளோரினுக்கு அடங்காது. கொதிக்க வைத்தால் அழியும். திறந்து வைத்த வெளுப்புத்தூள் நாளாக நாளாக வீரியம் இழப்பதால், பழைய பொட்டலத்தை நம்பி அளவு சொல்லக் கூடாது. குடிநீருக்கென்று தயாரிக்கப்பட்ட மாத்திரையோ கரைசலோ கிடைத்தால், அதன் மேலுறையில் போட்டிருக்கும் அளவைப் பின்பற்றுவதே பாதுகாப்பு. மணமோ சாயமோ சேர்த்த துப்புரவுத் திரவங்களைக் குடிநீரில் ஒருபோதும் கலக்கக் கூடாது என்பதைத் தனியாகச் சொல்லுங்கள். குளோரின் வாடை பிடிக்கவில்லை என்று பலர் விட்டுவிடுவார்கள். இது சாக்குப்போக்கு அல்ல. இரவில் கலந்துவைத்துக் காலையில் குடித்தால் வாடை குறையும் என்பது போன்ற எளிய வழியைச் சொல்லிக்கொடுத்தால் பாதிப் பேராவது தொடர்வார்கள்.

வடிகட்டிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். களிமண்ணாலான வடிகட்டிகள் பாக்டீரியாவை நன்றாகத் தடுக்கும், வைரஸ்களை அவ்வளவாகத் தடுக்காது. விரிசல் விட்டால் வெறும் பாத்திரமாகிவிடும். மின்சாரத்தில் இயங்கும் ஆர்.ஓ. கருவி கரைந்த உப்புகளையும் குறைக்கும். ஆனால் கணிசமான நீரைக் கழிவாக வெளியேற்றும், வடிகட்டியை உரிய காலத்தில் மாற்றாவிட்டால் பயன்தராது, உள்ளே தேங்கும் நீரும் மாசுபடக்கூடும். கருவி வாங்கிவிட்டோம் என்ற நிம்மதியில் பராமரிப்பை மறந்த வீடுகள், கருவியே இல்லாத வீடுகளைவிட எந்த விதத்திலும் மேலானவை அல்ல. வெயில் நன்றாக அடிக்கும் இடங்களில், 2 லிட்டருக்கு மேற்படாத நிறமற்ற பெட் (PET) பிளாஸ்டிக் பாட்டில்களில் தெளிந்த நீரை நிரப்பி 6 மணி நேரம் வெயிலில் கிடத்தும் முறையும் உண்டு. வானம் மூடியிருந்தால் 2 நாள் வைக்க வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை மிக அவசியம். மேலே சொன்ன முறைகளில் பெரும்பாலானவை கிருமிகளுக்கானவை மட்டுமே. ஆர்சனிக், ஃப்ளோரைடு, நைட்ரேட் போன்றவை நீரில் கரைந்திருந்தால் காய்ச்சுவதாலோ குளோரினாலோ அவை நீங்கா. நீர் ஆவியாவதால் காய்ச்சும்போது அவற்றின் அடர்த்தி சற்றுக் கூடவே செய்யும். உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவுகள் லிட்டருக்கு ஆர்சனிக் 0.01 மில்லிகிராம், ஃப்ளோரைடு 1.5 மில்லிகிராம், நைட்ரேட் 50 மில்லிகிராம். வங்கதேசத்தில் கிருமியில்லாத நீர் வேண்டும் என்று இலட்சக்கணக்கில் தோண்டப்பட்ட குழாய்க் கிணறுகள் பலவற்றில் ஆர்சனிக் இருந்தது பின்னரே தெரியவந்தது. நிலத்தடி நீரைக் குடிக்கும் பகுதியாக இருந்தால், பிரசாரத்தைத் தொடங்கும் முன்பே ஒரு முறை வேதியியல் பரிசோதனை செய்துவிடுங்கள்.

இப்போது எது சிறந்தது என்பதற்கு என் பதில்: அந்த வீட்டில் ஆண்டு முழுவதும் விடாமல் செய்யக்கூடியது எதுவோ அதுதான். இது நழுவலான பதில் அல்ல. 2012இல் இரண்டு ஆய்வாளர்கள் கணித மாதிரி ஒன்றை வைத்து, சுத்திகரித்த நீரை எப்போதும் குடிப்பவர் பத்தில் ஒரு பங்கு வேளைகளில் சுத்திகரிக்காத நீரைக் குடித்தால் என்ன ஆகும் என்று கணக்கிட்டுப் பார்த்தார்கள். நூறு சதவீதத்திலிருந்து தொண்ணூறு சதவீதத்துக்கு இறங்கும் அந்தச் சிறு சறுக்கல், நீர் மிகவும் மாசுபட்டிருக்கும் நிலையில், கிடைத்திருக்கவேண்டிய உடல்நலப் பயனில் 96 சதவீதம் வரை அழித்துவிடக்கூடும் என்பது முடிவு. தொண்ணூறு மதிப்பெண் எடுத்தால் பள்ளிக்கூடத்தில் பாராட்டுக் கிடைக்கும். இந்தப் பாடத்தில் அப்படி இல்லை. பொலிவியாவில் 2009இல் வெளிவந்த, வெயிலில் நீரைத் தூய்மையாக்கும் முறை பற்றிய ஆய்வில், சராசரியாக 32 சதவீதப் பயன்பாடுதான் காணப்பட்டது; குழந்தைகளின் வயிற்றுப்போக்கில் தெளிவான குறைவு எதுவும் தெரியவில்லை. முறை பழுதில்லை, பாட்டில்களைத் தினமும் நிரப்பிக் கிடத்தி எடுத்துவைக்க அந்த வீடுகளின் நாளில் இடமில்லை.

இதற்கு மறுபக்கமும் உண்டு. காலரா கிருமிகள் நீரில் மிதக்கும் நுண்ணிய உயிரிகளின் மேல் ஒட்டிக்கொள்கின்றன என்ற உண்மையை வைத்து, பழைய பருத்திச் சேலையை நான்கு மடிப்புகளாவது மடித்துக் குடத்தின் வாயில் கட்டி நீரை வடிகட்டச் சொல்லி, வங்கதேசக் கிராமங்களில் ஓர் ஆய்வு நடந்தது. 2003இல் வெளியான அதன் முடிவின்படி, காலரா 48 சதவீதம் குறைந்தது. ஐந்து ஆண்டுகள் கழித்து, யாரும் ஊக்குவிக்காத நிலையிலும், 31 சதவீதப் பெண்கள் நீரை வடிகட்டிக்கொண்டிருந்தார்கள். துணி வடிகட்டல் தனித்து மிதக்கும் பாக்டீரியாவையோ வைரஸ்களையோ தடுக்காது என்பதால், அதை முழுப் பாதுகாப்பு என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால், வீட்டில் ஏற்கெனவே இருக்கும் பொருள், ஏற்கெனவே செய்யும் வேலைக்கு நடுவில் நுழையும் ஒரு செயல், என்ற இரண்டும் சேர்ந்தால் பழக்கம் எவ்வளவு காலம் தாங்கும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. எனவே ஒரு முறையைப் பரிந்துரைக்கும் முன் அந்த வீட்டில் கேளுங்கள்: இதைத் தினமும் யார் செய்வார்? அவர் ஊருக்குப் போனால் யார் செய்வார்? எரிபொருள் தீர்ந்த அன்று, வீடு நிறைய விருந்தினர் வந்த அன்று, குழந்தை பள்ளிக்குத் தண்ணீர் எடுத்துப் போகும்போது, வயல் வேலைக்குப் போகும்போது என்ன குடிப்பார்கள்? தயக்கத்தோடு பதில் வரும் இடம் எதுவோ, அங்கேதான் நீங்கள் யோசிக்கவேண்டிய வேலை இருக்கிறது.

கை கழுவுதலுக்கு வருகிறேன். இதில் தூண்டுதலாகப் பலரும் வயிற்றுப்போக்கை மட்டுமே சொல்கிறார்கள். கராச்சியின் குடியிருப்புகளில் நடந்து 2005இல் வெளியான ஆய்வில், சோப்பு கொடுத்து வாரந்தோறும் ஊக்குவிக்கப்பட்ட குடும்பங்களில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு நிமோனியா பாதியாகக் குறைந்தது. பதினைந்து வயதுக்கு உட்பட்டோரின் வயிற்றுப்போக்கும் ஏறத்தாழ அதே அளவு குறைந்தது. சுவாச நோய்க்கும் கைக்கும் தொடர்பு உண்டு என்பது பலருக்கும் புதிய செய்தி. நுட்பத்தைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை: வெந்நீர் வேண்டியதில்லை, கிருமிநாசினி கலந்த விலை உயர்ந்த சோப்பும் வேண்டியதில்லை, சாதாரண சோப்பால் 20 விநாடி தேய்த்து, நகக்கண்ணையும் விரலிடுக்கையும் விட்டுவிடாமல் கழுவி, உலர்த்த வேண்டும். ஈரக் கை கிருமிகளை எளிதாகக் கடத்தும். அழுக்குத் துண்டில் துடைப்பதற்குக் காற்றில் உலரவிடுவதே மேல்.

சொல்லவேண்டியது எந்தெந்த நேரத்தில் என்பதைத்தான். பத்து நேரங்களைப் பட்டியலிட்டால் ஒன்றும் மனதில் நிற்காது. மலம் கழித்தபின் அல்லது குழந்தையின் மலத்தை அப்புறப்படுத்தியபின், உணவைத் தொடுமுன் அல்லது குழந்தைக்கு ஊட்டுமுன் என்ற இரண்டை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். கைக்குழந்தையின் மலம் தீங்கற்றது என்ற எண்ணம் பல இடங்களில் உண்டு. சிறு குழந்தைகளுக்கே குடல் தொற்றுகள் அடிக்கடி வருவதால், அவர்களுடைய மலத்தைப் பெரியவர்களுடையதைவிட அதிக எச்சரிக்கையோடு கழிப்பறையில் சேர்க்க வேண்டும்.

அதன்பின், சோப்பு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலான வீடுகளில் சோப்பு இருக்கும். குளிக்கும் இடத்திலோ துணி துவைக்கும் இடத்திலோ பெட்டிக்குள் இருக்கும். கழிப்பறையிலிருந்து வெளியே வருபவர் பத்தடி நடந்து, பெட்டியைத் திறந்து, வாளியில் நீர் மொண்டு, ஒரு கையால் ஊற்றிக்கொண்டு மறு கையைக் கழுவ வேண்டும் என்றால், எண்ணம் நல்லதாக இருந்தும் கை நனைவதோடு காரியம் முடிந்துவிடும். கழிப்பறை வாசலிலும் சமைக்கும் இடத்திலும் நீரும் சோப்பும் ஒன்றாக, கைக்கெட்டும் தூரத்தில் நிலையாக இருக்க வேண்டும். கேனைக் கயிற்றில் தொங்கவிட்டு, இன்னொரு கயிற்றில் கட்டிய குச்சியைக் காலால் மிதித்துச் சாய்க்கும் அமைப்பைச் செலவில்லாமல் வீட்டிலேயே செய்துகொள்ளலாம். நீரும் மிகக் குறைவாகவே செலவாகும். சோப்புக்கட்டியைக் காக்கை தூக்கிப்போகிறது, குழந்தை மண்ணில் போட்டுவிடுகிறது என்பார்கள். சிறிதளவு துணி சோப்புத் தூளை நீரில் கரைத்து, மூடியில் துளையிட்ட பாட்டிலில் ஊற்றி அங்கேயே கட்டித் தொங்கவிட்டால் அந்தத் தொல்லையும் தீரும், செலவும் குறையும்.

இடத்தின் வலிமைக்கு ஒரு சான்று. வங்கதேசத்தில் இரண்டு பள்ளிகளில், கழிப்பறையிலிருந்து கை கழுவும் இடம்வரை நடைபாதை அமைத்து, அதன்மேல் வண்ணக் காலடிகளும், கழுவும் இடத்தில் கைத்தடங்களும் வரையப்பட்டன. சுகாதாரப் பாடம் எதுவும் நடத்தப்படவில்லை. கழிப்பறைக்குப் போய்வந்து சோப்பால் கை கழுவிய பிள்ளைகள் 4 சதவீதத்திலிருந்து, ஆறு வாரங்கள் கழித்து 74 சதவீதமாக இருந்தார்கள். 2016இல் வெளியான இந்த ஆய்வு சிறியதுதான். ஆனாலும் வாயைத் திறக்காமலே இவ்வளவு தூரம் போக முடிகிறது என்பதைக் காட்டுகிறது.

பேசத்தான் வேண்டும் என்றால், நோயைப் பற்றிப் பேசாதீர்கள் என்று சொல்வேன். ஆந்திரப் பிரதேசத்தின் சித்தூர் மாவட்டக் கிராமங்களில் நடந்த 'சூப்பர் அம்மா' இயக்கத்தில், கிருமி, நோய், மரணம் என்ற பேச்சே இல்லாமல், பிள்ளையை நற்பழக்கங்களோடு வளர்க்கும் தாயின் கதையும், அழுக்குக் கையால் இனிப்புப் பண்டம் செய்பவரைப் பார்த்து வரும் அருவருப்பும் மட்டுமே பயன்படுத்தப்பட்டன. ஆறு மாதம் கழித்து, முக்கிய நேரங்களில் சோப்பால் கை கழுவுவது இயக்கம் நடந்த கிராமங்களில் 37 சதவீதமாகவும், நடக்காத கிராமங்களில் 6 சதவீதமாகவும் இருந்தது. அருவருப்பு வலுவான கருவி, ஆனால் கூர்மையானதும்கூட. அழுக்கின்மேல் வரவேண்டிய அருவருப்பு ஒரு குடும்பத்தின்மேலோ ஒரு சமூகத்தின்மேலோ திரும்பினால், நீங்கள் செய்தது சுகாதாரப் பணி ஆகாது. இந்த வீட்டில் கழுவுவதில்லை என்று ஊரறியச் சுட்டிக்காட்டும் பட்டியல்கள், வீட்டுச் சுவரில் ஒட்டும் சிவப்பு அட்டைகள் போன்றவற்றை நான் ஏற்பதில்லை.

நீர் போதாத வீட்டில் இவற்றையெல்லாம் எதிர்பார்ப்பதும் நியாயமல்ல. போய்வர 30 நிமிடத்துக்கு மேல் ஆகும் இடத்திலிருந்து நீர் சுமக்கும் குடும்பத்தில், கை கழுவும் நீர்தான் முதலில் வெட்டுப்படும். நாளொன்றுக்கு ஆளுக்கு 20 லிட்டர் அளவில்தான் குடிக்கவும் சமைக்கவும் அடிப்படைச் சுத்தத்துக்கும் ஒருவாறு கட்டும். அப்படிப்பட்ட பகுதியில் நல்லொழுக்கம் பேசுவதைவிட, ஒரு குழாய் கூடுதலாக வருவதற்கு நிர்வாகத்திடம் மனுக்கொடுத்து அலைவது பயனுள்ள பிரசாரம். சுமப்பவரும் காய்ச்சுபவரும் பாத்திரம் தேய்ப்பவரும் பெரும்பாலும் ஒரே பெண்ணாக இருக்கும்போது, உங்கள் ஒவ்வொரு பரிந்துரையும் அவருடைய வேலைப் பட்டியலில் இன்னொரு வரி என்பதையும் மறக்கக் கூடாது. ஆண்கள் வீட்டிலிருக்கும் மாலை நேரத்தில் போய், பாத்திரத்துக்குக் குழாய் பொருத்துவது, கேனைக் கட்டித் தொங்கவிடுவது, வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவுவது ஆகியவற்றை அவர்களிடம் ஒப்படையுங்கள்.

எதிர்பார்ப்பையும் அளவாக வைத்துக்கொள்ள வேண்டும். வங்கதேசத்திலும் கென்யாவிலும் நீர், சுகாதாரம், ஊட்டச்சத்து குறித்த ஒரே வகைத் திட்டங்களை வைத்து நடத்திய பெரிய ஆய்வுகளின் முடிவுகள் 2018இல் வெளிவந்தன. வங்கதேசத்தில் பெரும்பாலான பிரிவுகளில் குழந்தைகளின் வயிற்றுப்போக்கு குறைந்தது, கென்யாவில் குறையவில்லை. இரு இடங்களிலும் குழந்தைகளின் வளர்ச்சி நீர், சுகாதார ஏற்பாடுகளால் மட்டும் மேம்படவில்லை. வேறுபாட்டுக்குப் பல காரணங்கள் இருக்கலாம்; அவற்றில் கண்ணில் படுவது, வங்கதேசத்தில் ஊக்குநர்கள் மாதத்திற்குப் பல முறை வீடுகளுக்குப் போனார்கள், கென்யாவில் ஏறக்குறைய மாதம் ஒரு முறை போனார்கள் என்பது. எனவே ஐநூறு வீடுகளுக்கு ஒருமுறை போவதைவிட, ஐம்பது வீடுகளுக்கு அடிக்கடி போவது மேல். உங்கள் நிதியைப் பற்றிய கேள்விக்கும் இதுவே விடை: பதாகை, துண்டறிக்கை, பேரணி ஆகியவற்றைக் குறைத்து, குழாய் வைத்த பாத்திரங்களுக்கும் மறுமுறை செல்லும் தன்னார்வலரின் பயணப்படிக்கும் செலவிடுங்கள்.

மறுமுறை போகும்போது கழுவுகிறீர்களா, காய்ச்சுகிறீர்களா என்று கேட்க வேண்டாம், பாருங்கள். கழிப்பறை அருகிலுள்ள சோப்பு ஈரமாக இருக்கிறதா, போன முறையைவிடத் தேய்ந்திருக்கிறதா, கேனில் நீர் இருக்கிறதா, அகப்பை ஆணியில் தொங்குகிறதா என்பவை பொய் சொல்லாத சாட்சிகள். குளோரின் பயன்படுத்தும் வீட்டில், வீட்டார் கண்முன்னே ஒரு சிறு சோதனைக் குழாயில் குடிநீரை எடுத்து, குளோரின் எஞ்சியிருப்பதைக் காட்டும் சோதனைத் துளியை விட்டு நிறத்தைக் காட்டுங்கள். மற்ற வீடுகளில், மலத் தொற்று இருந்தால் ஒன்றிரண்டு நாளில் கறுத்துவிடும் ஹைட்ரஜன் சல்பைடு சோதனைக் குப்பிகளில் ஒன்றில் குழாயடி நீரும் இன்னொன்றில் குடத்து நீரும் நிரப்பி, அந்த வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்; நீர் எங்கே கெடுகிறது என்பதை அந்த இரண்டு குப்பிகளே வீட்டாருக்குக் காட்டிக்கொடுக்கும். மழை தொடங்கிய வாரத்திலும், எரிபொருளுக்குத் தட்டுப்பாடு வந்த வாரத்திலும் போவது கட்டாயம், பழக்கம் முறிவது அப்போதுதான். முறிந்திருக்கும் வீட்டில் காரணத்தைக் கேட்டு, குழாய் ஒழுகினால் வாஷரை மாற்றிக் கொடுங்கள், மேடை உயரமாக இருந்தால் இறக்கி வையுங்கள், காய்ச்ச முடியாமல் போயிருந்தால் அந்த வாரத்துக்காவது குளோரின் மாத்திரை கொடுத்துவிட்டு, அடுத்து வரும் நாளை அவர்களிடமே குறித்துக்கொண்டு புறப்படுங்கள்.